சூரியன் கவர், நிலா கவர்

முதலில் அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். மருந்துக் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் யார் பேச்சையும் கேட்டவள் இல்லை.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு நடுத்தர மருத்துவமனைக்கு நேர் எதிரே இருந்த மருந்துக் கடையில் முப்பத்தொரு வருஷம் ஃபார்மசிஸ்டாக இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டு வருகிறவர்களை நான் திட்டுகிற சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் இருந்ததென்றால், அதற்கு என் கவர்கள்தான் காரணம்.

வயதானவர்களுக்கு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியாது. விரல் நடுங்கும், நகம் உடையும், மாத்திரை துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போகும். அதனால் அட்டைகளை எல்லாம் நானே கத்தரித்து, மாத்திரைகளை வெளியே எடுத்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பேன். எனக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்தவர் செய்ததைப் பார்த்துப் பழகியது அது. படம் மட்டும் என் சொந்தச் சரக்கு. காலை மாத்திரைக் கவரில் ஒரு சூரியன், ராத்திரி மாத்திரைக் கவரில் ஒரு பிறை நிலா. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் புரியும். "மத்த கடையில அட்டையத் தூக்கிப் போடுவாங்க, இந்த மேடம் பிரிச்சு, படம் போட்டுக் குடுப்பாங்க" என்று சேலையூரிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் தேடி வருவார்கள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. இப்போது சொல்லவே கூசுகிறது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம் அண்ணன். முடிச்சூரில் வீடு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே காலம் போனவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடைக்கு வந்ததும் முதலில் வாட்சைப் பார்ப்பார்.

"மேடம், கடை ஒம்பது மணின்னு போர்டுல போட்டுக்கீது. இப்ப மணி ஒம்பது நாலு. மெமோ குடுக்கட்டா?"

"குடுங்க அண்ணா. பதில் நாளைக்கு எழுதித் தரேன், மூணு காப்பி."

"பதில்ல ரீசன் கரெக்டா இருக்கணும். டிராபிக்னு எழுதுனா ஒத்துக்க மாட்டேன்."

பக்கத்தில் அவருடைய மனைவி சரோஜா அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு நிற்பார். அண்ணனுக்கு விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி மடங்கிப்போயிருக்கும். சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் போட்டுவிட வேண்டும். மாத்திரை கொடுப்பதும் அக்காதான். அக்காவுக்கு எழுத்து வராது. அதனால் என் சூரியனும் நிலாவும் அவர்களுக்காகவே வரைந்த மாதிரி இருந்தன.

அண்ணனுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிற கோளாறு. அப்படித் துடித்தால் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அது வராமலிருக்க எதிரே இருந்த இதய டாக்டர் டாபிகாட்ரான் எட்டெக்ஸிலேட் எழுதியிருந்தார். காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. டைம் கீப்பர் வீட்டில் எட்டு என்றால் எட்டுதான்.

இந்த மருந்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நானும் படித்தேன், தேர்வு எழுதினேன், மறந்தேன். உண்மையில் வேலை செய்கிற மருந்து குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் அதன் உடம்பில் ஒரு வாலை எஸ்டர் பிணைப்பால் கட்டிவிடுகிறார்கள். அந்த வாலோடு உள்ளே போனபிறகு, உடம்பில் இருக்கிற நொதிகள் பிணைப்பை வெட்டிவிடும். அப்போதுதான் மருந்து மருந்தாகும். மறைமலை நகர் கம்பெனிக்குப் போகிறவர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற அடையாள அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டைத் தாண்டுகிற வரைக்கும்தான் அது வேண்டும், உள்ளே போய்க் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் வழியிலேயே அறுந்து விழுந்தால்? எவ்வளவு பெரிய வேலைக்காரனாக இருந்தாலும் செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவான். எஸ்டர் பிணைப்பை நொதி மட்டும் வெட்டாது, ஈரமும் வெட்டும். உடம்புக்குள் திறக்க வேண்டியது காகிதக் கவருக்குள்ளேயே திறந்துகொண்டால், அதை விழுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதற்காகத்தான் அந்த கேப்ஸ்யூலை அலுமினியத் தாளுக்குள் ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுக்கிறார்கள். அட்டையின் முதுகில் அச்சிட்டும் இருக்கிறது, ஈரம் படாமல் இந்த உறையிலேயே வைக்க வேண்டும் என்று. அந்த வரி எல்லா அட்டையிலும்தானே இருக்கிறது! ஒரு நாளைக்கு நூறு அட்டையில் அதே வரியைப் பார்க்கிற கண்ணுக்கு அது வரியாகவே தெரியாது, ஓரத்து டிசைன் மாதிரி ஆகிவிடும். நான் அந்த அட்டைகளைக் கத்தரித்து, வரியோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அதோடு நிறுத்தினேனா? ஐப்பசி பிறந்ததும் அக்காவிடம் நானே சொன்னேன்.

"அக்கா, மழை ஆரம்பிச்சா முடிச்சூர் ரோடுல தண்ணி நிக்கும். முட்டி ஆழத் தண்ணியில நீங்க எங்க வருவீங்க? ரெண்டு மாசத்துக்கும் சேத்து வாங்கிட்டுப் போயிடுங்க."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றார் அக்கா.

நூற்றிருபது கேப்ஸ்யூல். உட்கார்ந்து பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு பெரிய கவர். வழக்கத்தைவிடப் பெரிய சூரியன், பெரிய நிலா. நிலாவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம்கூடப் போட்டேன், பாவி.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. அவர்கள் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு ஏறி இறங்கியது. மூன்று நாள் கரண்ட் இல்லை. சுவரெல்லாம் ஓதம். கவர்களை அக்கா பத்திரமாகச் சமையலறை மேல்தட்டில் அரிசி டப்பா பக்கத்தில் வைத்திருந்தார். தண்ணீர் மேலே படவில்லை. படாமலே காற்றில் இருந்த ஈரம் போதுமானதாக இருந்தது.

ஏழு வாரம் போனது. மழை விட்டிருந்த ஒரு கார்த்திகைக் காலை, பதினொன்றே முக்காலுக்குச் சரோஜா அக்கா எதிரேயிருந்து ரோட்டைக் கடந்து ஓடிவந்தார். ஹார்ன் அடித்த வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் என் இரண்டு கவர்கள்.

"மேடம், டாக்டரம்மா இந்த மாத்திர பேரு இன்னான்னு கேக்குறாங்க. அட்டை எங்கன்னு கேட்டு கத்துறாங்க. கவர்ல பேரே இல்லையாம். சூரியனும் நிலாவுந்தான் கீது."

"யாருக்கு அக்கா? என்ன ஆச்சு?"

"அவருக்குத்தான் மேடம். சமையக்கட்டுலேர்ந்து மணி இன்னான்னு கேட்டேன். ஒம்பது நாப்பதுன்னாரு. சொல்லி வாய மூடல, டம்ளர் கீழ வுழுந்திச்சு. வந்து பாத்தா வாய் கோணிகினு கீது. வலது கை தூக்க வரல. பேச்சே இல்ல மேடம், பேச்சே இல்ல."

கை நடுங்காமல் எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, காலை ஒன்று, இரவு ஒன்று. சீட்டையும் சூரியன் கவரையும் பிடுங்கிக்கொண்டு அக்கா ஓடினார். நிலா கவர் மேஜையிலேயே கிடந்தது.

அதை எடுத்தேன். காகிதம் துணி மாதிரித் தொய்ந்திருந்தது. அந்த கேப்ஸ்யூலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளாக மருந்து இருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் சலசலவென்று மெலிதாகக் கேட்கும். ஆட்டினேன். சத்தமே இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் ஊமை. ஒன்றைத் திறந்து பார்த்தேன். உருண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறி, பல்லிடுக்கில் மாட்டிய வெல்லம் மாதிரி இருந்தன.

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. பக்கவாதம் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏற்கெனவே உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தால் அந்த ஊசி மூளைக்குள் இரத்தத்தைக் கொட்ட வைத்துவிடும். போடமாட்டார்கள். அதை முறிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. அது அன்று எதிர் மருத்துவமனையில் இல்லை, எங்கள் கடையிலும் இல்லை. ஆகவே நான் எழுதி அனுப்பிய சீட்டைப் படித்ததும் டாக்டர் என்ன முடிவுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், ஆகவே ஊசி கிடையாது.

மாத்திரை செத்துப்போயிருந்தால்? அவர் உடம்பில் மருந்தே இல்லை என்றால்? ஊசி போடலாம். ஓர் இரத்தச் சோதனை செய்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சந்தேகம் டாக்டருக்கு எப்படி வரும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை கொடுத்த ஒரு மனைவி. அந்த மாத்திரை ஏழு வாரம் காகிதத்தில் ஊறியது என்பதை, அது ஏன் முக்கியம் என்பதை, அந்த நிமிஷம் தாம்பரத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் ஒரு ரோடு. இருபதடி இருக்குமா?

நான் போகவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கவர் போட்டது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்தது. ஒருவர் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டார், கொடுத்தேன். ஒரு பெண் குழந்தைக்குச் சளி மருந்து கேட்டாள். எந்த அளவு, எத்தனை வேளை என்று வழக்கத்தைவிடப் பொறுமையாக விளக்கினேன். ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை. கை தானாக வேலை செய்தது. மனசு தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. மருந்து முழுக்கவா கெட்டிருக்கும், பாதியாவது இருக்காதா. டாக்டருக்கே தோன்றும், சோதனை எடுத்துவிடுவார். நான் போய்ச் சொல்லி, அதை நம்பி ஊசி போட்டு, இரத்தம் கொட்டினால் அந்தப் பழியும் எனக்குத்தானே. பட்டப் படிப்பு படித்தவள் இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் லைசன்ஸ் என்னாகும். எத்தனை நியாயம் வந்தது தெரியுமா? ஒவ்வொன்றும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்தது வெறும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டோம் என்று நானும் கணீரென்று சொல்வேன், குரல் நன்றாக இருக்கிறது என்று பாஸ்டர் அம்மாகூடச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தோடு சொல்வது எளிது. ரோட்டைத் தாண்டிப்போய் ஓர் ஆளிடம் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை ஓடவில்லை. டயப்பர், மூத்திரப் பை என்று நர்ஸ் எழுதிக்கொடுத்த சீட்டு. அந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று மருந்துக் கடையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். இனிமேல் படுக்கைதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன். கட்டிய கரைக்கிற ஊசின்னு ஒண்ணு கீதாமே. அது போட்டா கை காலு வந்துருமாமே. இவருக்குப் போட முடியாதாம். காலைல மாத்திர குடுத்துட்டதால முடியாதாம்."

நான் டயப்பர் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

"நான் ஒரு வேளகூட வுட்டதில்ல மேடம். வூட்ல தண்ணி வந்தப்பகூட கட்டில் மேல நின்னுகினு குடுத்தேன். இன்னிக்கு ஒரு நாளு மறந்துருந்தா ஊசி போட்டிருப்பாங்கல்ல? நான் ஒழுங்கா குடுத்ததாலயா மேடம் அவருக்கு இப்டி?"

அவ்வளவுதான். அதற்குமேல் என்னால் மேஜைக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, நிலா கவரை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். "மேடம், மேடம், டயப்பரு" என்று அக்கா பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. கவரை நீட்டினேன்.

"டாக்டர், இந்த மாத்திரை கெட்டுப்போயிருக்கு. அவர் உடம்புல மருந்து இருக்காதுன்னு நினைக்கிறேன். சோதனை பண்ணிப் பாத்துட்டு ஊசி போடலாமா பாருங்க."

ஒரு கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இந்த கவர்ல இருந்துச்சு?"

"ஏழு வாரம். வீட்டுக்குள்ள மழைத் தண்ணி வந்திருக்கு."

"ஸ்ட்ரிப்லேர்ந்து யார் எடுத்தது?"

"நான்தான்."

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினொன்னே முக்காலுக்குச் சீட்டு அனுப்பினீங்க. இப்ப பன்னெண்டு இருபத்தஞ்சு" என்றாள். அதோடு திரும்பி, லேபுக்கு போன் போடச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டாள். திட்டவில்லை. நான் வாழ்நாளெல்லாம் மற்றவர்களைத் திட்டிய திட்டெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு ஊசி போடக்கூடிய கடைசி நேரம் இரண்டு பத்து. அதை எல்லாராலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவரே சொல்லிவிட்டு விழுந்த அந்த ஒன்பது நாற்பதுதான். வழக்கமாகக் குடும்பத்தார் "காலையில நல்லாத்தான் இருந்தாரு" என்பார்களாம். நேரம் தெரியாததாலேயே ஊசி கிடைக்காமல் போகிறவர்கள் உண்டாம். ஏகாம்பரம் அண்ணன் தன் பங்கு வேலையைச் சரியாகச் செய்திருந்தார். அக்கா தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தார்.

ஒன்று பத்துக்கு முடிவு வந்தது. "கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். ஏழு வாரமாக அவர் விழுங்கியதெல்லாம் தண்ணீரோடு போன வெறும் கூடு. ஒன்று இருபத்திரண்டுக்கு ஊசி ஏற்றினார்கள். இரத்தம் கொட்டவில்லை. பிழைத்தார். வலது கால் பாதி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை.

நான் வீணாக்கிய நாற்பது நிமிஷத்தால்தான் கையும் பேச்சும் போனதா என்று அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். ஏதோ ஒரு ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.

"அளந்து சொல்ல முடியாது மேடம். சீக்கிரம் போட்டா நல்லது. அது உங்களுக்கே தெரியும்" என்றாள்.

பிறகு, "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் என் கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். ஆனா அவங்க அத நர்ஸ் வாயால கேக்கக் கூடாது" என்றாள்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி சொன்னார். "நல்ல மாத்திரை சாப்பிடறவங்களுக்கும்தான் பக்கவாதம் வருது. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? விடுங்க." அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. நல்ல மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் வரும். இரண்டு நாள் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், வார்டுக்கு வெளியே பெஞ்சில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த சரோஜா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம், அட்டை, கவர், அந்த நாற்பது நிமிஷம். எதையும் மறைக்கவில்லை.

அக்கா முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப, நான் குடுத்தது தப்பில்லியா?"

"இல்லக்கா. தப்பு முழுக்க என்னோடது."

தலையை ஆட்டினார். அந்த மூன்று நாளும் தான் மாத்திரை கொடுத்ததால்தான் ஊசி தாமதமாகிப் புருஷனுக்கு இப்படி ஆனது என்று அந்த மனுஷி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது.

"ஏழு வாரமா நான் வெறும் டப்பியவா குடுத்துகினு இருந்தேன் மேடம்?" என்றார். "டாண்ணு எட்டு மணிக்கு, தண்ணிய வெதுவெதுன்னு ஆத்தி..."

முடிக்கவில்லை. பொட்டலத்தைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றோடு கவர் போடுவதை நிறுத்தினேன். பழைய வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், மேடத்துக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். நான் கவரில் போட்டுக் கொடுத்த அத்தனை பேரையும் நினைவுபடுத்திக்கொண்டு, போன் செய்து, மிச்சத்தை எடுத்துவரச் சொன்னேன். முக்கால்வாசி மாத்திரைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மாத்திரைகள் கவரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் நம்மை மன்னித்துவிடும். இருபது, முப்பது வருஷம் மன்னித்துக்கொண்டே இருக்கும். நாமும் நாம் செய்வது சரிதான் என்று நம்பிவிடுவோம். பிறகு ஒரு நாள், வாலைக் கட்டி அனுப்பப்பட்ட ஒரு மருந்து வரும். அது மன்னிக்காது.

இன்னொன்று. தப்பு உங்களுடையது என்று தெரிந்த அடுத்த நொடி, கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு ஓடுங்கள். இந்த ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஒருவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பார். பயந்தவளுக்குக் கடையில் கூட்டம் குறையவே குறையாது.

ஒரு மாதம் கழித்து, அண்ணனை வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு முடிச்சூருக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் போகவில்லை. அண்ணன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாட்ச் வலது கையிலேயே இருந்தது. அந்தக் கையைத் தலையணைமேல் எடுத்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருடைய பாதி முகம் மலர்ந்து சிரித்தது.

"ஒம்பது நாப்பது" என்றார்.

திரும்ப உற்சாகமாக, "ஒம்பது நாப்பது, ஒம்பது நாப்பது" என்றார்.

"அது ஒண்ணுதான் வருது மேடம்" என்றார் அக்கா. "பசிச்சாலும் அதான், வலிச்சாலும் அதான். ஆள பாத்து சந்தோசப்பட்டாலும் அதான்."

அக்கா காபி கொடுத்தார். குடித்தேன். டாக்டர் மறுபடி அதே மாத்திரையைத் தொடங்கியிருந்தார். அது மேல்தட்டில் மூடி போட்ட டப்பாவில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கவனித்து, அக்கா அதை எடுத்துவந்து என் முன்னால் திறந்தார். எல்லாம் அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தன. அலுமினியத் தாளின் மேலே, ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக, மார்க்கர் பேனாவால் படம் வரைந்திருந்தது. சிவப்பில் சூரியன், நீலத்தில் நிலா. கோணல்மாணலான சின்னச் சின்னப் படங்கள்.

"பிரிக்கல மேடம். மேலதான் போட்டேன்" என்றார். "குடுக்குற நேரத்துக்கு ஒண்ணொண்ணா வெட்டி எடுத்துக்குறேன். எனக்கு கை நல்லாத்தான கீது."

அது போதுமானதாக இருந்திருக்கும். ஒரு மார்க்கர் பேனா. அக்காவின் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்திருந்தால் போதும். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

கிளம்பும்போது அண்ணன் இடது கையைத் தூக்கி ஆட்டினார். அக்கா கேட் வரைக்கும் வந்தார். தாழ்ப்பாளைப் போடாமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வராதீங்க. அவருக்கு நான் எதுவும் சொல்லல. உங்கள பாத்தா சிரிக்கிறாரு. என்னால அத பாக்க முடியல."

"சரிக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து அண்ணன் ஏதோ வேண்டுமென்று கூப்பிட்டார். ஒன்பது நாற்பது என்றுதான் கேட்டது. அக்கா கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.